மாடு தின்னாத புல்

செய்தது பூராவும் அந்த நர்சரிக்காரி. கெட்ட பேர் எனக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று அவளிடமே கேட்டுவிடலாம் என்றுதான் தம்பி, இந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

காலைக் கொஞ்சம் நகர்த்திக்குங்க. சாக்கு அங்கேயே இருக்கட்டும். கடிக்காது, புல்தான். பூவெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று பார்க்கிறீங்களா? சாக்கின் வாயைக் கட்டினால் பூ நசுங்கிவிடும். நசுங்கின பூவைக் கொண்டுபோய் வைத்தால், ‘இது எங்க கடைச் செடியே இல்லீங்க’ என்று கையை விரித்துவிடுவாள். எனக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

கண்டக்டர் வருகிறான் பாருங்க. வரட்டும்.

“பெரீவரே, சாக்குக்கு லக்கேஜ் போடோணும்.”

“புல்லுக்கு எதுக்கய்யா லக்கேஜ்? மாட்டை ஏத்தியிருந்தாக் கேளு, குடுக்கறேன்.”

“பூவு பறந்து மூக்குல ஏறுதுங்க.”

“மூக்கை மூடிக்க. அதுக்கும் நான் டிக்கெட் எடுக்கோணுமா?”

போய்விட்டான். பார்த்தீங்களா, குரலை உயர்த்தினால்தான் நடக்கிறது. நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

நீங்க எது வரைக்கும்? கோயமுத்தூரா? நல்லதாகப் போயிற்று. நான் பல்லடம் தாண்டி இறங்கிக்குவேன். அது வரைக்கும் கேளுங்க. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேல் என்று.

என் பேர் சென்னியப்பன். மாட்டுத் தரகு. காங்கேயத்துக்குத் தெற்கே எந்தச் சந்தையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க, திட்டிக்கொண்டாவது வழி சொல்வார்கள். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. மிச்சமெல்லாம் அடி வாங்கிக் கற்றது. முதன்முதலில் நான் சொந்தமாக வாங்கின மாட்டுக்கு, பல்லை அரத்தால் ராவி வயசைக் குறைத்து என் தலையில் கட்டிவிட்டான் ஒருத்தன். ஆகா, என்ன மாடு, என்ன மாடு என்று அவன் பேசின பேச்சில் நான் மாட்டு வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன் தம்பி. விற்கிறவன் எதைப் புகழ்கிறானோ அது வேண்டாம். எதைப் பின்னால் கட்டிவைத்துக்கொண்டு, ‘அது வேண்டாங்க, மொரட்டு மாடு’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறானோ, அதுதான் நல்ல மாடு. அவனுக்கு அதை விட மனசில்லை. இந்த ஒரு புத்தியை வைத்துத்தான் வீடு கட்டினேன், பையனைப் படிக்க வைத்தேன்.

இந்தத் துண்டு எதற்கென்று நினைக்கிறீங்க? வேர்வை துடைக்க இல்லை. எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிப்போம். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, கணுவைத் தொட்டால் ஒரு கணக்கு. வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். உள்ளே மாடு கைமாறிப் போயிருக்கும்.

எனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான். வேலாத்தாள். மச்சான் தவறின பிறகு அவளுக்கு என்று இருந்தது ஒரு கொரங்காடும் இரண்டு பசுமாடும். கொரங்காடு என்றால் உங்களுக்குத் தெரியாது. மேய்ச்சலுக்கென்றே விட்டுவைக்கிற காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், கீழே முழுக்கக் கொழுக்கட்டைப் புல். உழுவதில்லை, விதைப்பதில்லை. மழை பெய்தால் தானாக வரும். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், மேய்க்க ஆள் வேண்டாம். எங்கள் பக்கத்து மாடு இப்படித் திமிலும் கொம்புமாக நிற்பது அந்தப் புல்லைத் தின்றுதான்.

பேரன் பேத்தி எடுக்கிற வயசில் நான் வீடு கட்டினேன் இல்லையா, அந்தக் கொரங்காட்டுக்கு மேற்கே ஒட்டினாற்போலக் கட்டினேன். ரோட்டு மேலே இடம் வந்தது, வேண்டாம் என்றேன். தங்கச்சிக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான். இதை யாராவது சொல்கிறார்களா? யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே வேலியில் ஒரு கடவு, அதில் ஒரு மூங்கில் படல். சாத்தியிருக்கும், கட்டுவதில்லை. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு, காலையில் அந்தப் படலைத் தள்ளிக்கொண்டு வேலாத்தாள்தான் பால் சொம்போடு வருவாள். “அண்ணா, எந்திரிச்சாச்சுங்களா?” என்று ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பிறகுதான் எனக்கு விடியும். இருக்கட்டும், அதை விடுங்க.

புல் கதைக்கு வருகிறேன்.

என் பையன் பூபதிக்குக் கோயமுத்தூரில் பெண் எடுத்தோம். மில்லுக்குச் சாமான் செய்து கொடுக்கிற பெரிய கை. முதல் தடவை விருந்துக்குப் போனேன். வீட்டு முன்னால் மண் தெரியவில்லை, பூராவும் தோட்டம். வாசல் ஓரமாக இந்தப் புல் நிற்கிறது. இடுப்பளவு உயரம், கொத்துக் கொத்தாக. ஒவ்வொரு தண்டு நுனியிலும் கோழி இறகு மாதிரி வெள்ளைப் பூ. காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எழுந்திருக்கிறது. நான் என்ன செய்தேன்? புல்லைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. ஒரு தாளைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுபார்த்தேன். சொரசொரவென்று வைக்கோலாட்டம் இருந்தது. “ஏனுங்க சம்பந்தி, இதை எந்த மாடு திங்குது? பாலு கூடுமுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தார்கள் தம்பி. சம்பந்தி சிரித்தார், சம்பந்தியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். “மாமா, எல்லாத்தையும் மாடு திங்கணுமுங்களா? இது அழகுக்கு” என்றது மருமகப் பெண். அதுகூடப் பரவாயில்லை. என் பையனும் சிரித்தான். நான் மாட்டு வாலைப் பிடித்துப் படிக்க வைத்த பையன்.

வரும்போதே பஸ்ஸில் முடிவு பண்ணிவிட்டேன். இதே புல், இதைவிட ஜாஸ்தியாக, என் வாசலில் நிற்கவேண்டும். அவர்கள் வந்து பார்க்கவேண்டும்.

விசாரித்துக்கொண்டு அந்த நர்சரிக்குப் போனேன். நடுவயசுப் பொம்பளை, கையெல்லாம் மண், இடுப்பில் கத்தரி. “அலங்காரப் புல் வேணும், இறகாட்டம் பூக்கறது” என்றேன். கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் ஊதா நிறத்தில் ஒன்றைக் காட்டினாள். “இதை எடுத்துக்குங்கண்ணா. இலையும் ஊதா, பூவும் ஊதா. நல்ல வெயில் தாங்கும். தண்ணி மட்டும் கொஞ்சம் பாக்கோணும்” என்றாள். விலை கேட்டேன். சொன்னாள். சிரித்தேன்.

பின்னால் நிழல்வலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பூ தெரிந்தது. சம்பந்தி வீட்டு வெள்ளை. “அது என்ன?” என்றேன்.

“அது வேண்டாங்கண்ணா.”

புரிகிறதா தம்பி? ‘அது வேண்டாங்கண்ணா’ என்கிறாள். முகத்தை வேறு திருப்பிக்கொள்கிறாள். எனக்கு உள்ளே மணி அடித்துவிட்டது. அடி என் ராசாத்தி, நீ யாரிடம் வியாபாரம் பண்ணுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏன் வேண்டாம்?”

“அது வெதை போடற ஜாதிங்கண்ணா. காத்துல எங்க வேணாலும் போகும், போன எடத்துல பூராவும் மொளைக்கும். ஊதாவுல வெதை புடிக்காது. கொத்தைப் பிரிச்சு வெச்சாத்தான் உண்டு. அதனாலதான் வெலை தூக்கல். டவுனுக்குள்ளே நாலு சுவத்துக்கு நடுவுல கேக்கறவங்களுக்கு மட்டும்தான் வெள்ளையைக் குடுக்கறேன். உங்க பக்கத்துல மேய்ச்சக் காடு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

இந்தக் கேள்விக்கு நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? இருக்கிறது என்று சொல்லியிருப்பீங்க. அதனால்தான் நீங்க ஆபீசுக்குப் போகிறீங்க. வாங்கப் போகிற இடத்தில் நம் வீட்டுச் சங்கதியை எவனாவது சொல்வானா? அவளுக்கு என் ஊர் எதற்கு, என் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது எதற்கு? ஏதோ ஒரு கணக்குப் போட்டு விலையை ஏற்றத்தானே கேட்கிறாள்? “ஒண்ணுமில்லை. எல்லாம் வீடுதான்” என்றேன். அது தொழில். அதைப் பொய் என்று சொல்லக்கூடாது.

அப்புறம் பேரத்தை ஆரம்பித்தேன். கத்தினேன், எழுந்து போனேன், திரும்பி வந்தேன். ஊதாவுக்குச் சொன்ன விலையில் பாதிக்கு வெள்ளை. சும்மா மேலே நாலு தொட்டி. கடைசியில் அவள் கையெடுத்துக் கும்பிட்டு, “எடுத்துட்டுப் போங்கண்ணா” என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேன் கிளம்பும்போது ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள். “பூ காயறதுக்கு முன்னாடி அறுத்துருங்கண்ணா! நொரை மாதிரி ஆகவிடாதீங்க!” என்றாள். தோற்றவர்கள் கடைசியாக ஏதாவது சொல்லிக்கொண்டு ஓடிவருவது வழக்கம்தான். கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னாள் இல்லையா என்று உங்கள் முகம் கேட்கிறது. சொன்னாள். நான் மறுக்கவில்லை. சொன்னவள் எதற்கு விற்றாள்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நிற்கவேண்டாமா? காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, அப்புறம் ஜன்னலைத் தட்டினால் ஆயிற்றா? ஒரு நோஞ்சான் மாட்டை நான் விற்றால், நாளைக்கு அது விழுந்தால், என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்களா இல்லையா? அவளுக்கு மட்டும் அது கிடையாதா?

நட்டேன். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு முழம் குழி, தொழு உரம், செம்மண். முதல் ஒரு மாசம் தண்ணீர் விட்டேன். அப்புறம் தண்ணீரே கேட்கவில்லை. நம் வெயிலுக்கென்றே பிறந்த மாதிரி எழுந்தது. ரோட்டுப் பக்கம் ஒரு வரிசை, வேலிப் பக்கம் ஒரு வரிசை. வேலாத்தாள் படலைத் தள்ளிக்கொண்டு வந்தவள், பால் சொம்பை இடுப்பில் வைத்தபடி நின்று பார்த்தாள்.

“இதென்ன புல்லுங்கண்ணா? மாடு திங்குமா?”

“எல்லாத்தையும் மாடு திங்கோணுமா? இது அழகுக்கு” என்றேன்.

சிரித்தேன்கூட. சம்பந்தி வீட்டில் சிரித்த மாதிரியே சிரித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அவள் ஒரு தாளைக் கிள்ளி மென்று பார்த்துவிட்டுத் துப்பினாள். எங்கள் குடும்பமே அப்படித்தான்.

ஆடி நோம்பிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அந்த நாளை மட்டும் கேளுங்க தம்பி. வெள்ளை வெளேரென்று பூ. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று தெரியுமே, ஆளையே தள்ளும். அந்தக் காற்றில் வாசல் பூராவும் அலையடிக்கிறது. காரிலிருந்து இறங்கின சம்பந்தியம்மா அப்படியே நின்றுவிட்டார். “என்னங்க இது, நம்ம வீட்டுதை விட ஜோரா இருக்குது!” என்றார். போட்டோ எடுத்தார்கள். என்னை நடுவில் நிற்க வைத்து எடுத்தார்கள். பூபதி என் தோளில் கை போட்டுக்கொண்டான். அந்தப் போட்டோ இன்னும் இந்த போனில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்.

அவர்கள் கார் திரும்பின உடனே வேலாத்தாள் வந்தாள்.

“அண்ணா, விருந்தாடி போயாச்சு. பூவை அறுத்துப்போடுங்க. காத்துல பூராவும் எங்காட்டுக்குள்ளேதான் வந்து விழுகுது.”

“அறுக்கலாம் அம்மிணி. பொங்கலுக்கு மறுபடி வர்றாங்களாமா. அது கழியட்டும்.”

“பொங்கலுக்குள்ளே வெதை பூராவும் கொட்டிப்போயிருமுங்கண்ணா. ஐப்பசியில மழை புடிச்சா மொளைச்சிரும்.”

“சரி, உம்பக்கத்து வரிசையை மட்டும் அறுத்துர்றேன். ரோட்டு வரிசை இருந்துட்டுப் போகட்டும்.”

“காத்துக்கு வரிசை தெரியுமுங்களா?”

“பாதிக்கு வந்துட்டனே வேலா! இன்னும் என்னதான் கேக்கறே?”

பாதிக்கு வந்தேன் தம்பி. நானாக இறங்கி வந்தேன். கேட்டவள் ஒரு அடியாவது இறங்கவேண்டுமா வேண்டாமா? நின்ற இடத்திலேயே நின்றாள். பேரம் தெரியாதவள். பேரம் முறிந்துபோன பிறகு நான் மட்டும் எதற்கு என் பாதியைக் கொடுக்கவேண்டும்? அந்த வரிசையையும் அறுக்காமல் விட்டுவிட்டேன். மயிலை வளர்த்துவிட்டு யாராவது இறகைப் பிடுங்குவார்களா?

முளைத்தது. அவள் சொன்ன மாதிரியேதான் முளைத்தது. கொழுக்கட்டைப் புல்லுக்கும் இதற்கும் சின்னதில் வித்தியாசம் தெரியாது தம்பி, பங்காளி மாதிரி இருக்கும். எனக்கே தெரியவில்லை. மாட்டுக்குத் தெரிந்தது. அவளுடைய சாம்பல் நிறத்து மயிலைப் பசு மேய்ந்துகொண்டே வரும், ஒரு இடத்தில் நிற்கும், மோந்து பார்க்கும், சுற்றிக்கொண்டு போகும். அது விட்டுவிட்டுப் போன இடமெல்லாம் இந்தப் புல். அது சுற்றிப் போகப் போக, நல்ல புல்லைத்தானே மறுபடி மறுபடி கடிக்கும்? அது குறைந்துகொண்டே வந்தது, இது கூடிக்கொண்டே போயிற்று. அடுத்த ஆடியில் கொரங்காட்டுக்குள்ளும் வெள்ளைப் பூ ஆட ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, “அம்மா, இது என்ன தோட்டமுங்க?” என்று அவளிடம் கேட்டார்களாம்.

நான் சும்மா இருக்கவில்லை. தோண்டி எடுக்க நாலு ஆளைக் கூலி பேசி ரோட்டு வழியாக அவள் காட்டுக்கு அனுப்பினேன். அவள் ரோட்டுப் படலுக்கு வெளியிலேயே நிறுத்தி, “மொதல்ல அவரு வாசல்ல தோண்டச் சொல்லுங்க. அப்புறம் இங்க வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வைக்கோல் ஒரு லோடு இறக்கினேன். அதைத் தொடவில்லை, மழையில் நனைந்து அப்படியே மக்கிப்போனது. அவளே கடப்பாரையை எடுத்துக்கொண்டு தினம் தோண்டினாள். தாள் அறுத்து உள்ளங்கை பூராவும் கீறல். ஆனால் பால் மட்டும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சொம்பை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ‘எந்திரிச்சாச்சுங்களா’ இல்லை.

போன வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

சந்தையில் நின்றுகொண்டிருக்கிறேன். என் தொழில் எதிரி ஒருத்தன், சாமிநாதன் என்று பேர், துண்டைப் போட்டு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் கட்டியிருக்கிற மாட்டைப் பார்க்கிறேன். வேலாத்தாளின் மயிலை. அதற்குப் பக்கத்தில் செவலை. இரண்டும் எலும்பு தெரிய. புளியமரத்தடியில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு என் தங்கச்சி.

தரகன் தங்கச்சி, இன்னொரு தரகனை வைத்து மாடு விற்கிறாள். இது எங்கள் ஊரில் என்னவென்று உங்களுக்குப் புரியாது. சட்டையைக் கழற்றிச் சந்தை நடுவில் நிற்க வைத்த மாதிரி.

போய்ச் சாமிநாதன் துண்டை உருவி எறிந்தேன். “எந்தங்கச்சி மாட்டுமேலே நீ யாருடா கை வெக்கறதுக்கு?” என்று கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து வந்தாள். சத்தமே போடவில்லை.

“அவரைப் பேசாதீங்கண்ணா. நாந்தான் ஆளு புடிச்சுக் குடுக்கச் சொன்னேன்.”

“எங்கிட்டச் சொன்னா நான் வித்துக் குடுக்கமாட்டனா? இவனைவிட ஜாஸ்தி வெலைக்கு வித்துத் தரமாட்டனா?”

“ஜாஸ்திக்குத்தான் விப்பீங்க. எனக்கு வெலை வேண்டாம். மூலனூர்ப் பக்கம் நல்ல காடு வெச்சிருக்கறவங்க கேட்டாங்க. போற எடத்துலயாச்சும் வவுறு நெறையட்டும்.”

என்ன செய்கிறேன் என்று தெரியாமல் தோளிலிருந்து இந்தத் துண்டை எடுத்தேன். கையை நீட்டி, மேலே துண்டைப் போட்டேன். “உள்ளே கை வுடு வேலா. என்ன வேணுமோ புடி. அஞ்சு வெரலையும் சேத்துப் புடி. நானே வாங்கறேன். மாடு உங்கட்டுத்தறியிலேயே நிக்கட்டும்.”

எங்கள் சந்தையில் அது வரைக்கும் ஒரு பொம்பளை துண்டுக்குள் கை விட்டு நான் பார்த்ததில்லை. அவள் விட்டாள். கை சில்லென்று இருந்தது. உள்ளங்கை அரம் மாதிரி. எந்த விரலைப் பிடிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். என்ன பிடித்தாலும் சரி என்று சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன், சத்தியமாக. என் வாழ்க்கையிலேயே குறைத்துக் கேட்கக்கூடாது என்று நினைத்த ஒரே பேரம் அதுதான்.

அவள் விரலைப் பிடிக்கவில்லை. என் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். கையை எடுத்துக்கொண்டாள்.

துண்டை நீக்கிப் பார்த்தேன். இதுதான். இந்தப் பூ. காய்ந்து நுரையாகிப்போன ஒரு பூ. மடியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறாள்.

“இதுக்கு வெலை சொல்லுங்கண்ணா” என்றாள்.

எத்தனை தரகர்கள் நிற்கிறார்கள், எத்தனை வியாபாரிகள். தரகனிடம் விலை கேட்கிறாள், தரகன் நான் வாயைத் திறக்காமல் நின்றேன். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மயிலை என்னைத் தாண்டிப் போகும்போது நின்றது. என்னை அதற்குத் தெரியும், கன்றாக இருக்கும்போதிலிருந்து. ஏதாவது கொடுப்பேன் என்று கையை மோந்து பார்த்தது. பூவை மோந்தது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலையில் படலைப் பார்த்தேன். வெள்வேல முள்ளை வெட்டிப் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறாள். இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டேன். உள்ளே கடப்பாரைச் சத்தம் மட்டும் கேட்டது. மாடே இல்லாத காட்டில் எதற்குத் தோண்டுகிறாள் சொல்லுங்க? நான் பாக்கெட் பால் வாங்கிக் காப்பி போட்டேன். குடிக்கவில்லை, வைத்துவிட்டேன்.

என்ன கேட்டீங்க? காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

என் வாசலில் இருக்கிற புல்லையா? பிடுங்கிவிட்டேனா என்றா?

எதற்குப் பிடுங்கவேண்டும்? நீங்களும் அவளை மாதிரியே பேசுகிறீங்களே. படித்தவர் மாதிரி இருக்கிறீங்க, கொஞ்சம் யோசியுங்க. நான் பிடுங்கினால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடாதா? ஊரில் நாலு பேர், ‘பாத்தியா, அவனே புடுங்கிட்டான்’ என்று சொல்லமாட்டார்களா? அதுதான் சாட்சி தம்பி. அதைப் பிடுங்கிவிட்டால் நர்சரிக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து எதைக் காட்டுவேன்? அதோடு தை மாசம் பேரனுக்குக் காதுகுத்து. சம்பந்தி சனமெல்லாம் வருகிறது. மொட்டை வாசலையா காட்டச் சொல்கிறீங்க? பூபதியும் போனில் இதையேதான் சொன்னான். “வெட்டி எறிங்கப்பா, அத்தைகிட்டப் போய்ப் பேசுங்க” என்றான். சிரிக்கும்போது சிரித்தவன் அவன். ‘போனை வைடா’ என்றேன், நானே வைத்துவிட்டேன்.

கோபப்படவில்லை தம்பி. என் குரலே இப்படித்தான். உட்காருங்க, உட்காருங்க.

உங்க சட்டை பூராவும் பூ ஒட்டியிருக்கிறது பாருங்க. பேண்டிலும் இருக்கிறது. இருங்க, நானே தட்டிவிடுகிறேன். உள்ளே தட்டாதீங்க, அந்தக் கண்டக்டர் கத்துவான். கண்ணாடியை நல்லாத் திறங்க. அப்படியே வெளியே தட்டுங்க, காற்று கொண்டுபோய்விடும். அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு கொரங்காடு தெரிகிறதே, அதுதான் நான் சொன்ன மாதிரிக் காடு. நல்ல புல், எருமைகூட நிற்கிறது. பாருங்க, எவ்வளவு தூரம் பறக்கிறது! லேசு, தம்பி, எடையே கிடையாது. அழகுதான். அதைக் குறை சொல்லமுடியாது.

பல்லடம் வந்துவிட்டது. அடுத்தது என் ஸ்டாப். இந்தச் சாக்கைக் கொஞ்சம் தூக்கிவிடுங்க. குலுக்காதீங்க, கொட்டுகிறது.

நான் நர்சரிக்காரியிடம் காசைத் திருப்பிக் கேட்கப் போகவில்லை. பத்துப் பைசா வேண்டாம். அவள் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பி வரவேண்டும். இன்றைக்கே. என் தங்கச்சி படலுக்கு முன்னால் நிற்கவேண்டும். ‘அம்மா, தப்பு எம்மேலே. உங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று வேலாத்தாள் காதில் விழுகிற மாதிரிச் சொல்லவேண்டும். முடியாது என்றால் அந்தக் கடை வாசலைவிட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவள்தானே, விற்கவும் தெரிந்தவள்தானே? அவள் வரட்டும். வந்து, அந்த முள்ளை அவள் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டு, அந்தப் படலைத் திறந்துவிட்டுப் போகட்டும்!